தண்ணீர் வசதி: நன்று

வாடகைக்கு வீடு பார்ப்பது சிரமம். அடுத்தவர் பெற்ற பெண்களுக்கு வாடகை வீடு பார்த்து, இங்கே பயமில்லை என்று கையெழுத்துப் போடுவது அதைவிடச் சிரமம். எண்பதுகளின் கடைசியில் தொடங்கி ஆறு வருஷம் நான் அந்த வேலையில் இருந்தேன். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையில் ஒரு கல்லூரி. பெண்கள் விடுதியில் அறுபது பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் சுற்றுவட்டாரத்தில் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து அறை எடுத்துத் தங்குவார்கள். அப்படித் தங்கும் வீட்டைக் கல்லூரி முன்கூட்டியே பார்த்து ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு விதி. கல்லூரி என்றால் நான். விடுதி அலுவலகத்தில் உதவியாளர். வயது இருபத்தாறு. கையில் ஒரு குடை, தோளில் ஒரு துணிப்பை, பைக்குள் படிவங்கள்.

படிவத்தில் பதினோரு கட்டங்கள். அறையின் அளவு, ஜன்னல், மின்விளக்கு, தண்ணீர் வசதி, பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நன்று, சுமார், இல்லை என்று எழுத வேண்டும். ஜூனில் சேர்க்கை என்பதால் வீடுகளை மே மாதத்தில் பார்த்து முடித்துவிடுவேன். இந்த ஊரில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு அந்த வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நீங்கள் ஒரு வீட்டுக்கு அலைந்திருப்பீர்கள். நான் வருஷத்துக்கு அறுபது வீட்டுக்கு.

தாழ்ப்பாள்

மண்ணூர்பேட்டையில் ஒரு வீடு. வீட்டுக்காரர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். அறைக்குப் புதிதாக வெள்ளையடித்து, மின்விசிறி மாட்டி, சுவரில் கண்ணாடிகூடப் பதித்து வைத்திருந்தார். எல்லாக் கட்டத்திலும் நன்று எழுதிக்கொண்டே வந்தேன். குளியலறை வெளியே, முற்றத்தின் மூலையில் இருந்தது. தகரக் கதவு. அதில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. முற்றத்தின் மறுபக்கத்தில் ஷிப்டுக்குப் போகிற ஏழு ஆண்கள் குடியிருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் அப்போது படியில் உட்கார்ந்து நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தாழ்ப்பாள் போட்டால்தான் கையெழுத்து என்றேன். அவருக்கு அது தன் குடித்தனக்காரர்களைப் பழிப்பதாகப் பட்டுவிட்டது. குரலை உயர்த்திப் பேசிக்கொண்டே பஸ் நிறுத்தம் வரைக்கும் என் பின்னால் வந்தார். படியில் இருந்தவர்களில் ஒருவனும் எழுந்து கூட வந்தான். கூட்டம் சேர்ந்தது. பஸ் வரவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பஸ் வந்து நான் படியில் கால் வைத்தபோது, எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "தாப்பா இன்னாத்துக்கும்மா? பாட்டு பாடிக்கினே குளிச்சா எவன் உள்ள வரப்போறான்?"

நான்காம் கட்டம்

பருத்திப்பட்டில் ஏரிக்குக் கீழே ஒரு தெரு. ஸ்டெல்லா என்கிற அம்மாளின் வீடு. அவர் கணவர் சூசை அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். முன்பக்கம் அவர்கள் குடித்தனம். பின்பக்கம் நான்கு பெண்கள் தங்குகிற மாதிரி இரண்டு அறைகள். கொல்லையின் கோடியில் கழிப்பறை. ஸ்டெல்லா தன் சமையலறை வழியாக என்னைக் கூட்டிப்போய்ப் பின்வாசலில் நிறுத்தி, கையை நீட்டிக் காட்டினார். கிணறு.

அந்த வருஷம் கோடை மிகக் கடுமை. லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் நின்ற காலம். அதற்கு முந்தின நாள் பார்த்த நான்கு வீடுகளில் நான்காம் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தேன். இங்கே எட்டிப் பார்த்தால் ஆழத்தில் தண்ணீர் பளபளத்தது. எனக்கே ஒரு சொம்பு வாங்கிக் குடிக்கத் தோன்றியது, குடித்தேன். கிணற்றுச் சுவர் என் கணுக்கால் உயரம்தான் இருந்தது. வீடு கட்டியபோது இடுப்பு உயரம் இருந்ததாம். மழைக்குக் கொல்லை சேறாகிறது என்று வருஷா வருஷம் இடித்த கட்டடத்தின் செங்கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கியதில் சுவர் பூமிக்குள் போய்விட்டது. மோட்டார் வந்த பிறகு ராட்டினக் கட்டையையும் பிடுங்கிவிட்டார்கள். "சுவர் இப்படி இருக்கிறதே" என்றேன். தீபாவளிக்குள் இரண்டு சிமென்ட் உறை வாங்கி மேலே வைத்துவிடுவதாகச் சொன்னார். படிவத்தில் கிணற்றுச் சுவருக்குக் கட்டம் இல்லை. தண்ணீர் வசதிக்குத்தான் இருந்தது. 'நன்று' என்று எழுதினேன். ஸ்டெல்லா அதை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பின்னே? ஆவடி பூரா சுத்திட்டு வா டீச்சர், இந்த மாதிரி கெணறு ஒண்ணு காட்டு, நான் ஊட்டையே உன் பேருக்கு எழுதித் தரேன்."

பார்த்த வீடு

ஜூனில் வந்தவாசிப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் பெண்ணைக் கல்லூரியில் சேர்க்க வந்தார். பெண்ணின் பெயர் கஸ்தூரி. அவர்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியவள் அவள்தான். அவர் மணிலாக் கொட்டை பயிரிடுகிறவர். கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, விடுதியில் இடமில்லை என்று தெரிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளை ஊருக்கே திருப்பிக் கூட்டிப்போகத் தயாராகிவிட்டார். "வெளியில தங்கிப் படிக்கிறதுன்னா வேணாம்மா. ஒரு பொண்ணு. ஏதாவது ஒண்ணுன்னா நான் ஊர்ல எந்த மூஞ்சியோட நிக்கிறது?" என்றார். கஸ்தூரி பெட்டியின் மறு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

நான் பருத்திப்பட்டு வீட்டின் படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஏற்கெனவே மூன்று பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள், வீட்டுக்காரர்கள் கூடவே இருக்கிறார்கள், தண்ணீர்ப் பஞ்சமில்லை என்றேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். கடைசியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்து, இது யாருடையது என்று கேட்டார். என்னுடையது என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் வாருங்கள் என்று குடையை எடுத்தேன். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பெட்டியைக் கீழே வைத்தார். "நீங்க பாத்த வீடுன்னா நான் எதுக்கும்மா பாக்கணும்? எனக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்."

பின்னால் வந்த சைக்கிள்

ஆகஸ்டில் கள்ளிக்குப்பத்திலிருந்து புகார். அங்கே ஒரு வீட்டில் ஐந்து பெண்கள் இருந்தார்கள். மாலையில் ஆய்வகம் முடிந்து அம்பத்தூரில் ரயிலைவிட்டு இறங்கி நடந்தால், நடுவில் ஒரு நீளத்துக்கு வீடுகளே இல்லை. விளக்குக் கம்பத்தில் விளக்கு இருக்காது. ஒரு வாரமாக அந்த இடத்தில் ஒருவன் சைக்கிளில் பின்னால் வருகிறானாம். முந்துவதில்லை. மணி அடிப்பதில்லை. இவர்கள் நின்றால் அவனும் காலை ஊன்றி நிற்கிறான். அதில் ஒருத்தி இரண்டு நாளாகக் கல்லூரிக்கே வரவில்லை.

அடுத்த நாள் மாலை நானும் அவர்களோடு நடந்தேன். இருட்டு விழுந்துகொண்டிருந்தது. பின்னால் சங்கிலி உரசும் சத்தம் கேட்டது. திரும்பக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். எனக்கு முதுகு முழுக்க வியர்த்தது. ஒரு கட்டத்துக்கு மேல் தாங்க முடியாமல், குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பி நேரே அவனிடம் போனேன். முப்பது வயது இருக்கும். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுவான் என்று நினைத்தேன். அவன் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வீட்டுக்காரரின் தம்பி. பெண்கள் தனியாக வருகிறார்கள், காவலுக்குப் போ, ஆனால் வயசுப் பெண்களிடம் ஒரு வார்த்தை பேசினாய் என்று தெரிந்தால் காலை உடைப்பேன் என்று அண்ணன் அனுப்பியிருக்கிறார். இதை அண்ணன் பெண்களிடம் சொல்லவில்லை. அவன் சொல்ல வழியில்லை. மணியாவது அடித்திருக்கலாமே என்று கேட்டேன். "பெல் அடிச்சா திரும்பிப் பாப்பாங்க மேடம், அப்புறம் நான் இன்னா பண்றது?"

ஐந்நூறு படிவம்

செப்டம்பரில் ஸ்டெல்லா வீட்டுப் பக்கம் போனேன். சொன்னபடி உறை வாங்கியிருந்தார்கள். இரண்டு சிமென்ட் வளையங்களும் தெருவோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றின் உள்ளே ஆடு ஒன்று படுத்திருந்தது. மேஸ்திரி வரவில்லை, நான்கு ஆள் இருந்தால்தான் தூக்கி உள்ளே கொண்டுபோக முடியும், சூசைக்கு ஓவர்டைம் என்றார் ஸ்டெல்லா. அக்டோபரில் ஒருமுறை போனேன். வளையங்கள் அங்கேயே இருந்தன. ஆடுதான் மாறியிருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் அலுவலகக் கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றேன். நல்ல மனிதர், கோபித்து நான் பார்த்ததில்லை. படிவத்தில் கூடுதலாகச் சில கட்டங்கள் வேண்டும் சார், தாழ்ப்பாள், கிணற்றுச் சுவர், வழியில் விளக்கு என்றேன். பருத்திப்பட்டு வீட்டுக்குக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் போனால் உறை உடனே உள்ளே போய்விடும் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். படிவத்தில் இல்லாத ஒன்றைக் குறையென்று எழுதிக் கடிதம் அனுப்ப முடியாது என்றார். படிவத்தை மாற்றலாமே என்றேன். அவர் எழுந்து அலமாரியைத் திறந்து கட்டுகளைக் காட்டினார். "ஐந்நூறு அடிச்சு வெச்சிருக்கும்மா. அது தீரட்டும், பாதுகாப்பை அப்புறம் பார்த்துக்கலாம்."

சிவப்புக் குடம்

தீபாவளி கழிந்து ஒரு வாரம். மூன்று நாள் விடாமல் மழை. கல்லூரிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு, பருத்திப்பட்டு ஏரி நிரம்பி வழிகிறது என்று ஒரு பஸ் கண்டக்டர் யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. நான் அப்படியே ஆவடிக்குப் பஸ் ஏறினேன். அதற்கு மேல் பஸ் போகவில்லை. நடந்தேன். ஸ்டெல்லாவின் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், காபி நிறத்தில். சிமென்ட் வளையங்களின் மேல் பாதி மட்டும் வெளியே தெரிந்தது.

முன்கதவு பூட்டியிருந்தது. ஸ்டெல்லாவும் சூசையும் முந்தின நாள் பூந்தமல்லியில் தங்கை வீட்டுக்குப் போனவர்கள், திரும்ப வழியில்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. பக்கத்துச் சந்து வழியாகப் பின்னால் போனேன். பெண்களின் அறை ஜன்னல் சந்தில்தான் இருந்தது. தட்டினேன். மூன்று பேர் கட்டிலின் மேல் கால்களைத் தூக்கி உட்கார்ந்திருந்தார்கள். "கஸ்தூரி எங்கே?" என்றேன். ஒருத்தி சொன்னாள்: "பின்னாடி பாத்ரூம் போயிருக்கா மேடம்."

சந்தைத் தாண்டிக் கொல்லையின் முனைக்கு வந்தேன். ஒரே தண்ணீர். ஒரே மட்டம். மழை அடித்துக்கொண்டிருந்தது. மே மாதத்தில் நான் ஸ்டெல்லாவின் சமையலறை வாசலில் நின்று பார்த்த கிணறு, இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எங்கே இருக்க வேண்டும்? இடது கையா, வலது கையா? எனக்கு நினைவில்லை. கொல்லை நடுவில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் குடம் மிதந்துகொண்டிருந்தது. அருகில் யாரும் இல்லை. கழிப்பறைக் கதவு மூடியிருந்தது. குடம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்து, திரும்ப நிமிர்ந்தது. அடியில் யாரோ அதைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது.

நான் ஓடினேன். முழங்கால் தண்ணீரில் ஓடுவதற்குப் பெயர் ஓட்டமா என்று தெரியவில்லை, புடவை காலைச் சுற்ற, குடையை விட்டுவிட்டு, அவள் பெயரைக் கத்திக்கொண்டே அந்தக் குடத்தை நோக்கிப் போனேன். கழிப்பறைக் கதவு படாரென்று திறந்தது. "மேடம், நில்லுங்க! அங்கயே நில்லுங்க!" கஸ்தூரி. முழுசாக, தலையில் போட்ட துண்டோடு, வாசற்படி மேல் நின்றாள். நான் நின்றேன். என் இடது காலின் பெருவிரல் தண்ணீருக்கடியில் ஏதோ ஒரு விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது. கணுக்கால் உயரம். அதற்கு அப்பால் காலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. விட்ட குடை மிதந்துவந்து குடத்தின் பக்கத்தில் நின்று, மெதுவாக ஒரு சுற்று சுற்றியது.

அவள் கொல்லையின் மதில் சுவரைக் கையால் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடந்து, சுற்றி என்னிடம் வந்தாள். என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்து, சுவரோரம் கொண்டுவந்து நிறுத்தினாள். அவள் ஊரில் வயலெல்லாம் சுவரில்லாத கிணறுகள்தானாம். முதல் நாள் மழையிலேயே, தண்ணீர் ஏறுவதற்கு முன்னால், குடத்தின் வாயைப் பாலிதீனால் இறுக்கிக் கட்டி, கொடிக்கயிற்றால் கிணற்றுக்குள் இறங்கும் மோட்டார் குழாயில் முடிந்து விட்டிருக்கிறாள். தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் குடம் கிணற்றுக்கு மேலேயே நிற்கும். அதைத் தொடாமல் சுவரோரம் போய் வர வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். நான்கு பேருக்கும் தெரியும். பால் கொண்டுவருகிறவருக்குக்கூடச் சொல்லி வைத்திருக்கிறார்கள். என் முகத்தைப் பார்த்து அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "உங்களுக்குத்தான் மேடம் சொல்ல விட்டுப்போச்சு. நீங்க பாத்த வீடுதானேன்னு இருந்துட்டோம்."

புது சிமென்ட்

அன்று மதியமே நால்வரையும் கல்லூரிக்குக் கூட்டிவந்து விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் தங்கவைத்தேன். வழியில் கஸ்தூரி கேட்டது ஒன்றுதான். "அப்பாவுக்கு எழுதிடாதீங்க மேடம். வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு." நான் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். தண்ணீர் வடிந்த அன்றே சூசை மூன்று பேரைக் கூட்டிவந்து, இரண்டு உறையையும் தூக்கி வைத்துப் பூசிவிட்டார். வேலை முடிகிறவரை நான் கொல்லையிலேயே நின்றேன். ஸ்டெல்லா எனக்குக் காபி கொடுத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பெண்கள் திரும்பிப் போனார்கள்.

பொங்கல் கழித்து மகளைக் கொண்டுவந்து விட அவள் அப்பா வந்தார். எனக்கு ஒரு பை நிறைய மணிலாக் கொட்டை. "மழையில ஊடு எப்படிம்மா தாங்குச்சு?" என்று கேட்டார். கஸ்தூரி அவர் பின்னால் நின்று தலையை மிக லேசாக அசைத்தாள், வேண்டாம் என்று. இந்த இடத்தில் பொய் சொல்லத் தெரிந்தவர்கள் என்ன செய்திருப்பார்களோ தெரியவில்லை. "இந்தத் தடவை வந்து பார்த்துவிடுங்கள்" என்று சொல்லி அவரைக் கூட்டிக்கொண்டு பருத்திப்பட்டுக்குப் போனேன்.

அவர் அறையைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றுக்குப் போனார். சுவர் இப்போது இடுப்பு உயரம் இருந்தது. அதைத் தடவிப் பார்த்தார். உறையின் பூச்சு இன்னும் வெளுப்பாக இருந்தது. குனிந்து, அதற்குக் கீழே கறுத்துப்போன பழைய சுவர் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று விரற்கடையால் அளந்தார். மோட்டார் குழாயில் கயிறு அறுத்த முடிச்சு ஒன்று மிச்சமிருந்தது. அதையும் பார்த்தார். மகளைப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தோம். பெட்டியைத் திரும்ப எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். பெட்டி அறை வாசலில் இருந்தது. அவர் அதைத் தூக்கி அறைக்குள் வைத்துவிட்டு வெளியே வந்து, துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வர்ற வருஷம் வீடு பாக்க நானும் கூட வரேம்மா. நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

இப்போதும் யாராவது புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம், வந்துபோங்கள் என்று அழைத்தால், கொடுக்கிற காபியைக்கூட வாங்காமல் நான் நேரே கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன் என்று என்னைப் பற்றி உறவில் ஒரு புகார் இருக்கிறது.